மேடை ஏறாத கவிக்கூற்று

புதினம் ஒன்றை நாடகமாக்குவோர் முதற்கண் செய்யும் வேலை, நூலைக் கையிற்கொண்டு மாந்தர் பேசும் இடங்களையெல்லாம் கோடிடுதலாகும். கோடிட்ட பகுதி மேடைக்குச் செல்லும். கோடிடாத பகுதி நூலிலேயே தங்கிவிடும். தங்கிவிடும் பகுதியில் இடவருணனை, காலக் குறிப்பு, உடைக் குறிப்பு முதலியன அடங்கும். இவற்றை ஓவியரும் உடை தைப்போரும் ஒருவாறு ஈடுசெய்து விடுவர். ஈடுசெய்வார் எவரும் இல்லாத பகுதி ஒன்று உண்டு. அது நூலாசிரியன் தன் குரலிலேயே பேசும் பகுதி; நம் உரைமரபின் சொல்லாற் கூறுவதாயின், கவிக்கூற்று.

அரசியல் நெருக்கடி மிகுந்த காலத்தில் ஒரு பெரும்புதினம் மேடையேறும்பொழுது அஃது எவ்வாறு சிதைகிறது என்று ஆராய்வோர், பெரும்பாலும் தணிக்கையாளனின் கோலையே தேடிச் செல்வர். எந்த வரி அடிக்கப்பட்டது, எந்தக் காட்சி நீக்கப்பட்டது, எவர் ஆணையிட்டார் என்பனவே அவர்தம் வினாக்கள். அவை வேண்டாதன அல்ல. ஆயினும், அவற்றோடு நின்றுவிடும் ஆராய்ச்சி முதன்மையான இழப்பைக் காணாது போகும் என்பது எம் கருத்து. நெருக்கடிக் காலத்து மேடையில் முதலில் மறைவது கவிக்கூற்று. அதனை மறைப்பவர் பெரும்பாலும் தணிக்கையாளர் அல்லர். அந்த அரங்கின் கலைஞர்களே கலைக்காரணம் காட்டி அதனை விடுத்துவிடுகின்றனர். இதற்கு மாஸ்கோக் கலை அரங்கில் 1932-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 28-ஆம் நாள் அரங்கேறிய கோகலின் ‘இறந்த உயிர்கள்’ தக்க சான்றாதலின் அதனை ஈண்டு விரிவாக நோக்குவாம்.

மாந்தர் கூற்றுக்கும் கவிக்கூற்றுக்கும் மேடையில் உள்ள வேறுபாடு முன்னரே தெளிவுபடல் வேண்டும். மாந்தன் ஒருவன் எதைப் பேசினும் அஃது அவன் பேச்சு. கொடியவன் கொடியன பேசுவான்; அறிவிலி அறிவின்மை பேசுவான். அப்பேச்சுக்கு அரங்கத்தார் பொறுப்பாகார். கவிக்கூற்றோ அவ்வாறன்று. நூறாண்டுக்கு முன் எழுதப்பட்டதாயினும், இன்று ஒரு நடிகன் அவையை நேரே நோக்கி அதனைச் சொல்லுங்கால் அஃது இன்றைய பேச்சாகிவிடுகிறது. நம் தெருக்கூத்துக் கட்டியங்காரனை அறிந்தோர்க்கு இது விளங்காமற் போகாது. பாஞ்சாலி சபதம் நடந்துகொண்டிருக்கையிலேயே அவன் அவ்வூர்ச் செய்தியைச் சொல்லுவான். துரியோதனனிடம் ஒன்றும் அவையோரிடம் ஒன்றுமாகப் பேசுவான். கதைக்கும் அவைக்கும் இடையே நிற்கும் உரிமை அவன் ஒருவனுக்கே உண்டு. அவ்வுரிமையை அஞ்சும் ஆட்சி, துரியோதனனை விட்டுவிட்டுக் கட்டியங்காரனைத்தான் கண்காணிக்கும்.

இனி, நூலை நோக்குவாம். ‘இறந்த உயிர்கள்’ 1842-இல் வெளிவந்தது. அக்கால உருசிய நாட்டில் பண்ணையடிமைகளை ‘உயிர்’ என்று எண்ணிக் கணக்கிடுவது வழக்கம். நம் நாட்டிலோ ‘தலைக்கட்டு’ என்றே எண்ணினர். குடிக்கணக்கு ஒருமுறை எடுக்கப்பட்டால், அடுத்த கணக்கு எடுக்கப்படும் வரை இடையில் இறந்தோரும் உயிருள்ளோராகவே பட்டியலில் நிற்பர். அவர்க்குரிய வரியைப் பண்ணையார் செலுத்தியாதல் வேண்டும். இந்த ஓட்டையைக் கண்ட சிச்சிகோவ் என்பான், இறந்தவர்களின் பெயர்களை மலிவாக விலைக்கு வாங்கி, உயிருள்ள அடிமைகள் எனக் காட்டி, அடகுவைத்துப் பொருள் பெறத் திட்டமிட்டு ஊரூராகச் செல்கிறான். மனிலோவ், கரோபோச்கா, நோஸ்திரியோவ், சபாகேவிச், பிளியூஷ்கின் என்னும் பண்ணையார் ஐவரையும் அவன் ஒருவர்பின் ஒருவராகக் காண்பதே முதற்பாகத்தின் பெரும்பகுதி.

அன்றே தணிக்கை இதனைத் தடுத்தது. உயிர் அழியாதது என்பது சமயக் கொள்கையாக இருக்க, ‘இறந்த உயிர்கள்’ என்று ஒரு நூலுக்குப் பெயரிடுதல் எங்ஙனம் என்று மாஸ்கோத் தணிக்கைக் குழுவினர் வெகுண்டனர். பின்னர்ப் பீட்டர்ஸ்பர்க்கில் ஒப்புதல் கிடைத்தபொழுது, ‘சிச்சிகோவின் பயணங்கள்’ என்னும் தொடர் தலைப்பில் முன்னே சேர்க்கப்பட்டது. போரில் கைகாலிழந்த படைத்தலைவன் கோப்பெய்க்கினின் கிளைக்கதை திருத்தி எழுதப்பட்டது. உயிர் என்னும் சொல்லின் இரு பொருளையும் ஒருங்கே வைத்து விளையாடும் தலைப்பைத் ‘தலை’ என்று எண்ணும் நம் மொழியில் முழுதும் பெயர்த்தல் அரிது. இது நிற்க.

நூலின் கதை இவ்வளவே. ஆனால் கோகல் அதனைப் புதினம் என்று கூறாது ‘காவியம்’ என்னும் பொருள்படும் சொல்லால் வழங்கினார். மேலட்டையை அவரே வரைந்தபொழுதும் அச்சொல்லையே பிற சொற்களினும் பெரிதாக எழுதினார். காரணம் யாது? கதைக்கு இடையிடையே அவர் தம் குரலிற் பேசுகிறார். ஆறாம் இயலின் தொடக்கத்தில், இளமையில் புதியதோர் ஊரைக் காணுந்தோறும் தமக்கிருந்த ஆர்வமும் அஃது இன்று அவிந்துபோனமையும் சொல்லி இரங்குகிறார். ஏழாம் இயலின் தொடக்கத்தில், உயர்ந்தோரை மட்டும் பாடிப் புகழ்பெறும் எழுத்தாளனையும், எவரும் காண விரும்பாத சிறுமைகளை எடுத்துக் காட்டிப் பழிபெறும் எழுத்தாளனையும் எதிரெதிரே நிறுத்துகிறார். இறுதி இயலில், மூன்று குதிரை பூட்டிய வண்டியின் விரைவு நாட்டின் விரைவாக மாறி, எங்கே செல்கின்றாய் என்னும் வினாவாக முடிகிறது. விடை இல்லை. நகைச்சுவைக்கும் அவலத்திற்கும் இடையே இந்நூல் நிற்பது இக்கவிக்கூற்றின் வலிமையாலேயே. அதனை நீக்கிவிட்டால், எஞ்சுவது ஐந்து விந்தை மனிதர்களின் கண்காட்சி.

மேலும் ஓரிடம் குறிப்பிடத்தக்கது. ஏழாம் இயலில், எழுத்தர்க்குக் கூலி கொடுக்க விரும்பாத சிச்சிகோவ் தானே அமர்ந்து இறந்தோர் பட்டியலைப் படியெடுக்கிறான். பெயர்களைப் படிக்கப் படிக்க அவன் மனம் எங்கோ செல்கிறது. தச்சன் ஸ்தெப்பான் புரோப்கா இடுப்பிற் கோடரியும் தோளிற் காலணியுமாக எத்தனை மாநிலங்களை நடந்து கடந்திருப்பான். எந்தக் கோயில் உச்சியிலிருந்து விழுந்து இறந்தானோ. அவன் விழுந்த அடுத்த நொடியே வேறொருவன் இடுப்பிற் கயிற்றைக் கட்டிக்கொண்டு அவ்விடத்தில் ஏறியிருப்பானோ! மாக்சிம் என்னும் சக்கிலியன் அழுகிய தோலை மலிவாக வாங்கிக் கெட்டதும், அபாக்கும் என்பான் ஓடிப்போய் வோல்கா ஆற்றில் படகிழுப்போருடன் சேர்ந்திருக்கக் கூடியதும் இவ்வாறே விரிகின்றன. வஞ்சகன் ஒருவனின் நெஞ்சில் இவ்வளவு பரிவு எழுமோ என்று ஐயுறல் இயல்பே. இங்கே பேசுவது சிச்சிகோவின் வாய். நினைப்பது கோகலின் நெஞ்சு. விலைச்சரக்காக இருந்த பெயர்கள் ஒருகணம் மனிதர்களாகின்றன. நூலின் பெயர் உண்மையிற் குறிப்பது எவரை என்னும் வினா இங்கேதான் தோன்றுகிறது.

இந்நூலை நாடகமாக்கும் பணி மிகயீல் புல்ககோவிடம் வந்த வரலாறு துன்பமானது. 1926-இல் இதே கலை அரங்கில் அவர்தம் ‘துர்பீன்களின் நாட்கள்’ பெருவெற்றி கண்டது. 1929-இல் அவர் நாடகங்கள் யாவும் மேடையினின்றும் அகற்றப்பட்டன; மோலியேரைப் பற்றி அவர் எழுதிய நாடகமும் 1930 மார்ச்சில் தடுக்கப்பட்டது. அத்திங்கள் 28-ஆம் நாள் அவர் அரசுக்கு நீண்டதொரு மடல் எழுதினார். நாட்டைவிட்டுச் செல்ல விடுக. இன்றேல் அரங்கில் இயக்குநராகவோ, அதுவும் இயலாதெனில் மேடை வேலையாளாகவோ பணி தருக என்பது அதன் கருத்து. ஏப்பிரல் 18-ஆம் நாள் ஸ்டாலினே தொலைபேசியில் அவரை அழைத்தார். அதன்பின் கலை அரங்கில் துணை இயக்குநர் பதவி கிடைத்தது. அங்கு அவருக்கு இடப்பட்ட முதல் வேலை கோகலின் நூல். சொந்த நாடகம் ஒன்றும் நடிக்கப்படாத எழுத்தாளர், தாம் ஆசானாகப் போற்றிய ஒருவரின் நூலைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்ட நேர்ந்தது.

வெட்டி ஒட்டுதல் மட்டுமே தம் வேலை என்று அவர் எண்ணவில்லை. நாடகத்துக்குள் ஒரு சொல்லுவோனை அவர் படைத்தார். ‘முதல்வன்’ என்று அவனுக்குப் பெயரிட்டார். கோகல் தம் நூலின் பெரும்பகுதியை எழுதியது உரோம் நகரில். ஆதலின் நாடகமும் உரோம் நகரில் ஞாயிறு மறையும் வேளையில் தொடங்கும். தொலைவிலிருந்து தன் நாட்டைக் காண்பவன் கதையைச் சொல்லுவான். காட்சிகள் அவன் சொல்லினின்றும் எழும். இதுவே புல்ககோவின் திட்டம். இத்திட்டத்தின் நுட்பம் எளிதிற் புலப்படாதது. கவிக்கூற்றை வைத்தல் வேண்டும் என்பதனோடு அவர் நிற்கவில்லை. கவிக்கூற்றுக்கு ஓர் இடமும் கொடுத்தார். தன் நாட்டைத் தொலைவிலிருந்து காணும் இடம் அது.

அத்தொலைவு அவருக்கு எத்துணைத் தேவையாயிருந்தது என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. 1931 மே 30-ஆம் நாள் அவர் ஸ்டாலினுக்கு மீண்டும் ஒரு மடல் எழுதி, சில திங்கள் அயல்நாடு சென்றுவர ஒப்புதல் கேட்டார். அம்மடலின் தலைப்பில் கோகலின் சொற்களையே எடுத்து வைத்தார். நாட்டுக்கு வெளியே சென்றால்தான் நாட்டின் அருமை தெரியும் என்பது அவற்றின் பொருள். ஒப்புதல் கிடைக்கவில்லை. பகலில் அரங்கில் கோகலை உரோமுக்கு அனுப்ப முயன்றவர், இரவில் தாமே செல்ல வழிதேடிக்கொண்டிருந்தார் எனலாம். அடுத்த நாளாகிய மே 31-இல், தனிலோவ் மடத்தில் அடக்கம் செய்யப்பட்டிருந்த கோகலின் எச்சங்கள் தோண்டி எடுக்கப்பட்டு நோவதேவிச்சிக்கு மாற்றப்பட்டன. இருவர்க்கும் அவ்வாரம் நேர்ந்தவற்றை யாம் தற்செயல் என்றே கொள்கிறோம். ஆயினும் குறியாமல் விட மனம் வரவில்லை.

உரோம் முதலிற் போயிற்று. தம் திட்டத்தைச் சொன்ன அளவிலேயே அது தகர்க்கப்பட்டது என்று புல்ககோவ் 1932-இல் நண்பர் ஒருவர்க்கு எழுதினார். உரோம் போன பின்னும் முதல்வன் சிலகாலம் இருந்தான். இடமிழந்த குரலாக நின்றான். ஒத்திகைகள் நீண்டன. முதலில் சாக்னோவ்ஸ்கி இயக்கினார். திமித்ரியேவ் வரைந்த காட்சிகள் நிழலும் கோணலும் மிக்கனவாக அமைந்திருந்தன. பின்னர் நோயுற்றிருந்த ஸ்தனிஸ்லாவ்ஸ்கி பொறுப்பை ஏற்றார். தம் இல்லத்திலேயே நடிகர்களை வரவழைத்துப் பயிற்றினார். அவர் வந்தபின் காட்சியமைப்பு சீமோவுக்கு மாறியது, கோணல்கள் நிமிர்த்தப்பட்டன, முதல்வனும் மறைந்தான். நாடகம் தலைநகரத்து உணவு விடுதி ஒன்றில், சிச்சிகோவ் ஓர் அலுவலகச் செயலாளருடன் உண்டுகொண்டே இறந்தோரை அடகுவைக்கும் வழியை அறிந்துகொள்ளும் காட்சியுடன் தொடங்கலாயிற்று. உரோம் நகரத்து அந்திக்கு ஈடாக வந்தது விடுதி மேசை!

இம்மாற்றத்திற்குக் கலைக்காரணம் கூறுவோர் உளர். அவர் கூற்றை நேர்மையாக எடுத்துரைத்தல் கடன். ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் கொள்கைப்படி நாடகத்தின் உயிர் செயலில் உள்ளது. சிச்சிகோவுக்கு ஒரு நோக்கம் உண்டு. ஒவ்வொரு காட்சியிலும் அந்நோக்கம் ஒரு தடையைச் சந்திக்கிறது. இருவர் எதிரெதிரே அமர்ந்து விலை பேசுகின்றனர். பார்வையும் தயக்கமும் இடைவிட்ட மௌனமும் நாடகமாகின்றன. இதற்கிடையே ஒருவன் வந்து நின்று விளக்கவுரை கூறினால் நடிப்பு முறியும். சிச்சிகோவாக நடித்த தப்பர்கோவ் பின்னாளில் எழுதிய ஒத்திகை நினைவுகளைப் பயின்றோர், அம்முறையின் ஆற்றலை மறுக்கமாட்டார். சபாகேவிச்சாக வந்த தர்க்கானவும், நோஸ்திரியோவாக வந்த மஸ்க்வீனும், பிளியூஷ்கினாக வந்த லியோனிதவும் அக்காலத்துப் பெருநடிகர்கள். அவர்தம் நடிப்பின் சிறப்பால் அந்நாடகம் பல்லாண்டுகள் மேடையில் நிலைத்தது. இவையெல்லாம் உண்மை.

ஆயினும், கவிக்கூற்று அம்மேடைக்கு இயல்பாகவே ஒவ்வாதது என்னும் முடிவை யாம் ஏற்கோம். அதனை மறுக்கும் சான்று அதே அரங்கிலேயே கிடைக்கிறது. 1910-இல் தஸ்தயேவ்ஸ்கியின் ‘கரமாசவ் உடன்பிறப்புக்களை’ இருநாள் நாடகமாக ஆக்கியபொழுது, மேடையின் ஒருபுறத்தே நூலைப் படிப்போன் ஒருவனை அவ்வரங்கத்தார் அமர்த்தினர். அதனினும் வலிய சான்று, 1930 சனவரி 30-ஆம் நாள் அரங்கேறிய டால்ஸ்டாயின் ‘புத்துயிர்ப்பு’. அதில் கச்சாலவ் என்னும் பெருநடிகர் ‘ஆசிரியர் சார்பினர்’ என்னும் பெயருடன் தோன்றினார். ஒப்பனையில்லை, தம் இயல்பான உடையிலேயே மாந்தரிடையே நடந்தார், அவர்தம் நெஞ்சிலுள்ளதை அவையோர்க்கு எடுத்துரைத்தார். இரவு மழையில் புகைவண்டியைப் பற்றமுடியாமல் கத்யூஷா ஓடும் இயலைக் காட்சியாகக் காட்டாது அவர் சொல்லாலேயே சொன்னார். கண்டோர் பல்லாண்டு நினைவுகூர்ந்த பகுதி அது. மூன்றாண்டு நிறையாத இடைவெளியில், முன்னதில் வெற்றிகண்ட உத்தி பின்னதில் ஒவ்வாததாயிற்று என்றால், காரணம் உத்தியின் இயல்பு அன்று.

இருவேறு இயக்குநர்கள் என்பது ஒரு விடையாகலாம். ‘புத்துயிர்ப்’பை இயக்கியவர் நெமிரோவிச்-தாஞ்சென்கோ, நூலின் மீது பற்று மிக்கவர். ஸ்தனிஸ்லாவ்ஸ்கியோ நடிகன்மீது பற்று மிக்கவர். இருவர்தம் சுவை வேறுபாடு நாடறிந்தது. இது பாதி விடை. மறுபாதியைக் காணவேண்டின், அச்சொல்லுவோர் இருவரும் என்ன சொல்ல இருந்தனர் என்று நோக்குதல் வேண்டும்.

‘புத்துயிர்ப்’பின் சொல்லுவோன் குற்றஞ்சாட்டுவோன். சார் மன்னன் காலத்து நீதிமன்றத்தையும் சிறையையும் பெருங்குடியினரையும் அவன் வழக்கில் நிறுத்தினான். டால்ஸ்டாயின் குரலில் அவனுக்குத் தேவையான பகுதி இதுவே. அவர்தம் சமயச் சிந்தனை ஒதுக்கப்பட்டது. நூலை நாடகமாக்கியவர் ரஸ்கோல்னிகவ் என்னும் பொதுவுடைமைக் கட்சித் தலைவர். அரசின் கலைத்துறையில் உயர்பதவி வகித்தவர். (1939-இல் இவரே அயல்நாட்டிலிருந்து ஸ்டாலினைக் கண்டித்துத் திறந்த மடல் எழுதி, அவ்வாண்டே பிரான்சில் இறந்தார் என்பதும் ஈண்டு நினையத்தக்கது.) ஆகவே அக்கவிக்கூற்று ஆட்சிக்கு உகந்தது, வீழ்ந்துபட்ட பகைவரை மீண்டும் வீழ்த்துவது.

கோகலின் கூற்று அத்தகையதன்று. அது பகைவர் எவரையும் சுட்டுவதில்லை. தன் நாட்டைப் பார்த்து இரங்குகிறது. எங்கே செல்கின்றாய் என்று கேட்கிறது. கேட்கப்படுவது 1842-இன் நாடு என்று வரம்பு கட்ட இயலாது. ஐந்து பண்ணையாரும் ஒழிந்த வகுப்பினர். அவரைப் பார்த்துச் சிரித்தல் எவர்க்கும் தீங்கன்று. அவர்மீது விழும் அங்கதம் எவ்வளவு கூரியதாயினும் மேடையில் தடையின்றி இடம்பெற்றது. தடைப்பட்டது அங்கதத்தின் பின்னே நின்ற துயரம். நகைச்சுவைக்கு இசைவு; அந்நகைச்சுவையை ஆக்கியவனின் துயருக்கு இசைவில்லை!

காலத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1932-ஆம் ஆண்டு உருசிய, உக்ரேனிய நாட்டுப்புறங்களில் நிலங்கள் கூட்டுப்பண்ணைகளாக மாற்றப்பட்டு, தானியம் வன்முறையாற் கொள்ளப்பட்ட ஆண்டு. அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் பஞ்சத்தால் பல இலட்சம் உழவர் மடிந்தனர். நாடகம் அரங்கேறி ஒரு திங்கள் முடிவதற்குள், திசம்பர் 27-ஆம் நாள், உள்நாட்டுக் கடவுச்சீட்டுச் சட்டம் பிறந்தது. நகரத்தார்க்குச் சீட்டு வழங்கப்பட்டது. உழவர் பெரும்பாலார்க்கு அது கிட்டவில்லை. சீட்டில்லாதவன் தன் சிற்றூரைவிட்டு நகரத்தில் வாழ இயலாது. பட்டியலில் பெயர் இருத்தலும் இல்லாமையும் ஒருவனின் வாழ்வைத் தீர்மானித்த அந்நாட்களில், இறந்த உழவர் பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து, இவன் எவ்வாறு வாழ்ந்தான், எங்கே விழுந்தான் என்று வினவும் ஒரு குரல் மாஸ்கோ மேடையில் ஒலித்திருந்தால்? அவ்வரங்கத்தார் இதனை எண்ணியே முதல்வனை நீக்கினர் என்று யாம் கூறவரவில்லை. அவ்வாறு கூறச் சான்றில்லை. ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் நேர்மையை ஐயுறுதலும் முறையன்று. யாம் கூறுவது வேறு. அச்சூழலில், முதல்வனைக் காக்க எவர்க்கும் ஒரு காரணமும் இல்லை; விடுவதற்கோ கலைக்காரணங்கள் பல எளிதிற் கிடைத்தன. நெருக்கடி அரங்கினுள் வேலைசெய்யும் முறை இதுவே. அஃது ஆணையாக வருதல் அரிது. எதற்காகப் போராடுவது, எதனை விட்டுக்கொடுப்பது என்னும் அன்றாடத் தேர்வுகளைச் சாய்த்துவிடுகிறது. தணிக்கைக் கோப்புக்களில் மட்டும் தேடும் ஆராய்ச்சியாளர் ஏமாறுவது இதனாலேயே.

அன்றே இவ்விழப்பை உணர்ந்தவர் இல்லாமலில்லை. கவிஞர் ஆந்திரேய் பேலி 1933-இன் தொடக்கத்தில், கோகல் இங்கே புரிந்துகொள்ளப்படவில்லை என்று வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். கோகலின் சொல்லாட்சியை எழுத்தெழுத்தாக ஆராய்ந்து நூல் செய்தவர் அவர். அந்நூல் அவர் மறைவுக்குப் பின் 1934-இல் வெளிவந்தது. நடிகர்தம் திறத்தைப் புகழ்ந்த திறனாய்வாளர் பலர் காணாததை, சொல்லைக் காதாற் கேட்டுப் பழகிய கவிஞர் ஒருவர் கண்டார் என்பதில் வியப்பில்லை.

இதே அரங்கின் ‘அன்னா கரேனினா’ (1937 ஏப்பிரல்) பற்றி விரித்தல் வேண்டா. நெமிரோவிச்-தாஞ்சென்கோவே இயக்கினார், தராசவா அன்னாவாக நடித்தார், அரசின் உயர்தலைவர்கள் வந்து கண்டு பாராட்டினர், அவ்வாண்டே பாரிசுக்கும் கொண்டுசென்றனர். அதில் ஆசிரியர் சார்பினர் இல்லை. டால்ஸ்டாயின் நெஞ்சைத் தன் நெஞ்சாகக் கொண்ட லெவின் என்னும் மாந்தனும் இல்லை. அவன் கதை முழுதும் நீக்கப்பட்டது. ஏழாண்டுக்கு முன் கச்சாலவை மேடையில் நடமாட விட்ட இயக்குநர்க்கே இப்பொழுது அத்தகையவன் வேண்டாதவனானான். முதலில் சொல்லுவோன் சென்றான். அடுத்து, சொல்லுவோனை ஒத்த மாந்தனும் சென்றான். அழகிய நாடகம் என்றே கண்டோர் கூறினர். யாமும் அதனை மறுத்திலேம்.

கோகலுக்கு அவ்வரங்கில் நேர்ந்ததைப் பின்னர் மாஸ்கோ நகரத் தெருவே கண்ணாற் காட்டிற்று. 1909-இல் சிற்பி ஆந்திரேயேவ் வடித்த கோகல் சிலை, போர்வைக்குள் ஒடுங்கிக் குனிந்து அமர்ந்த துயர உருவம். அஃது அகற்றப்பட்டு, கோகல் மறைந்த நூறாம் ஆண்டாகிய 1952-இல், நிமிர்ந்து நின்று புன்னகை பூக்கும் வேறொரு கோகலை அவ்விடத்தே நாட்டினர். அதன் பீடத்தில் சோவியத்து அரசின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. துயர கோகல் சிலகாலம் ஒரு மடத்து வளாகத்தில் கிடந்து, 1959-இல், அவர் உயிர்நீத்த இல்லத்தின் முற்றத்தை அடைந்தது. இரண்டிற்கும் இடைத்தொலைவு சில நிமிட நடையே. இருவரும் ஒருவரே என்று சொல்லாவிடின் புதியவர் அறியார்.

புல்ககோவ் 1936-இல் கலை அரங்கைவிட்டு விலகினார். அவ்வாண்டின் இறுதியிலேயே அரங்க வாழ்வை எள்ளி நகையாடும் புதினம் ஒன்றைத் தொடங்கினார். முற்றுப்பெறாத அந்நூல் 1965-இல்தான் அவர் நாட்டில் அச்சேறியது. 1940-இல் அவர் மறையும்பொழுது ‘மாஸ்டரும் மார்கரித்தாவும்’ கையெழுத்துப் படியாகவே கிடந்தது. அந்நூலைப் பயில்வோர், அதன் சொல்லுவோன் எத்துணைத் துணிவுடன் படிப்போரை அழைத்துப் பேசுகிறான் என்பதைக் காண்பர். மேடையில் இடமிழந்த முதல்வன் அங்கே குடியேறினான் என்றே யாம் கருதுகிறோம். வெட்டுக்களுடன் அது 1966-67-இல் வெளிவந்தது.

அதனைத் தகான்கா அரங்கில் லியூபிமோவ் 1977-இல் நாடகமாக்கினார். புதிய காட்சிகள் செய்யாது, அவ்வரங்கின் பழைய நாடகங்களுக்கென ஆக்கியவற்றையே எடுத்து இணைத்தனர். ‘ஹாம்லெட்’டில் அசைந்த பெருந்திரை இங்கும் அசைந்தது. நாடகத்தின் இறுதியில் நடிகர்கள் வரிசையாக நின்று புல்ககோவின் உருவப்படங்களை ஏந்தினர். படங்களுக்கு முன்னே தீ ஏற்றப்பட்டது. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நூலாசிரியனை மேடையில் நிறுத்த முயன்று தோற்றவர், தாமே மேடைக்கு வந்தார், ஆனால் பேசவில்லை. அவ்வாண்டு மே திங்களிலேயே ‘பிராவ்தா’ நாளிதழ் அந்நாடகத்தைத் தாக்கி எழுதியது. நாடகம் நிறுத்தப்படவில்லை, நுழைவுச்சீட்டுக்காக மக்கள் தகான்கா வாயிலில் காத்துநின்றனர்.